ஒரு வினாடிக்கு 67 மீட்டர்

மெர்டேக்கா என்னும் விடுதலை நாள் அணிவகுப்பு கோலாலம்பூர் டத்தாரான் சதுக்கத்தில் நடக்கும் ஆண்டுகளில், ஆகஸ்டு மாதத்தின் கடைசி நாட்களில் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் சன்னல் கண்ணாடிகள் காலை வேளையில் அதிர்வதுண்டு. 2022ஆம் ஆண்டும் அப்படித்தான். பசியாற வந்திருந்த என் அண்ணன் மகன், கையில் தோசைத் துண்டோடு மாடத்துக்கு ஓடி, வரிசையாகப் போன விமானங்களைக் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு வந்து, "சித்தப்பா, பின்னால வர்றவங்க முன்னால போறவனையே பார்த்துக்கிட்டுப் போனா போதும்தானே? இதுக்கு எதுக்கு இத்தனை நாள் ஒத்திகை?" என்று கேட்டான். நான் சொல்லத் தொடங்கிய பதில் மதிய உணவு வரை நீண்டது. தோசை ஆறிப்போனது, பிள்ளை எங்கே என்று அண்ணி தொலைபேசியில் கேட்கும்படி ஆயிற்று. அன்று வாயால் சொன்னதை, சொல்ல விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் விமானி அல்லன்; வான்குடை வீரனும் அல்லன். அரச மலேசிய ஆகாயப் படை 1976ஆம் ஆண்டிலிருந்து வைத்திருக்கும் ஹெர்குலிஸ் விமானங்களின் பின்கூடத்தில், சரக்கையும் ஆட்களையும் ஏற்றி, எடை பார்த்து, கட்டி, குறித்த நேரத்தில் வெளியே அனுப்பும் வேலையில் என் இளமை கழிந்தது. எத்தனையோ பேர் குதிப்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நான் ஒருமுறைகூடக் குதித்ததில்லை. இதைச் சொன்னால் எங்கள் குடியிருப்பில் சிலர் சிரிப்பார்கள். ஆனால் கதவருகே நிற்பவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது: வினாடியை அவன் நிலமாகவே அளப்பான்.

கணக்கு எளிது. வீரர்களை இறக்கும்போது ஹெர்குலிஸ் ஏறக்குறைய 130 நாட் வேகத்துக்குத் தணிக்கப்படும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். ஆகவே 130 நாட் என்பது மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 67 மீட்டர். ஒரே கதவில் ஒருவருக்குப் பின் ஒரு வினாடி கழித்து அடுத்தவர் குதித்தால், அவர்கள் தரையைத் தொடும் இடங்களுக்கிடையே 67 மீட்டர் இருக்கும். ஒருவர் வாசலில் அரை வினாடி தயங்கினால், அவருக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் 33 மீட்டர் தள்ளி இறங்குவார்கள். கடைசி ஆள் வேலிக்கு வெளியே விழுந்தால், பிழை பெரும்பாலும் அவருடையதாக இராது. வரிசையின் நடுவில் யாரோ ஒருவருடைய பூட்ஸ் தரைப்பலகையில் இடறியிருக்கும்.

இப்போது 800 மீட்டர் நீளமுள்ள ஓர் இறங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். இரு முனைகளிலும் ஏறக்குறைய 90 மீட்டரை யாரும் இறங்கக் கூடாத விளிம்பாக ஒதுக்கினால், மிஞ்சுவது 620 மீட்டர். அதை 67ஆல் வகுத்தால் ஒன்பது வினாடிகள் கிடைக்கும். ஒன்பது வினாடிக்குள் ஒரு கதவில் பத்துப் பேர். இரண்டு கதவுகளுக்கு இருபது பேர். சாதாரண ஹெர்குலிஸ் 64 வான்குடை வீரர்களைச் சுமக்கும். ஆக மூன்று சுற்றில் அறுபது பேர் போக, மீதமுள்ள நான்கு பேருக்காக விமானம் நான்காவது முறையும் சுற்றிவர வேண்டும். இந்த இடத்தில் யாராவது ஓர் இளம் அலுவலர் கையை உயர்த்துவார்: ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கதவுக்கு ஓர் ஆளைக் கூட்டினால் மூன்று சுற்றிலேயே முடிந்துவிடுமே என்பார். முடிந்துவிடும்தான். ஆனால் அந்தப் பதினோராவது ஆளுக்கு 670 மீட்டர் வேண்டும். இல்லாத 50 மீட்டரை விளிம்பிலிருந்துதான் எடுக்க முடியும். விளிம்பு எதற்காக ஒதுக்கப்பட்டது என்பது அந்த அலுவலருக்கு அன்று மறந்துபோயிருக்கும்.

விமானத்தின் உள்ளே நீளவாக்கில் ஓடும் எஃகுக் கம்பியில், வீரர் தம் முதுகுப் பொதியோடு இணைந்த ஸ்டேட்டிக் லைன் என்னும் பட்டையின் கொக்கியை மாட்டுவார். அவர் குதித்ததும் பட்டை இழுபட்டுக் குடையைப் பொதியிலிருந்து வெளியே உருவிவிடும். அவர் செய்ய வேண்டியது உடலைக் குறுக்கி எண்ணுவது மட்டுமே. அமெரிக்கர்களின் பழைய டி-10 குடைக்கு நான்கு வரை எண்ண வேண்டும். அதற்குப் பின் வந்த டி-11 மெதுவாக விரிவதால் ஆறு வரை எண்ண வேண்டும். எண்ணி முடிந்த பின்னும் தோளில் இழுப்புத் தெரியாவிட்டால் மார்பில் உள்ள மாற்றுக் குடையை இழுக்க வேண்டும்.

தமிழில் நாம் வான்குடை என்கிறோம். மலாயிலும் அது பாயோங் தெர்ஜுன், அதாவது குதிக்கும் குடை. இரண்டு மொழியிலும் குடை என்ற சொல் ஏதோ மிதந்து இறங்குவது போன்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. டி-10 வினாடிக்கு 23 அடி வேகத்தில் இறங்கும். டி-11 வினாடிக்கு 19 அடி. முதுகிலும் காலிலும் சுமையோடு ஓர் ஆள் உயரச் சுவரிலிருந்து, சில வேளை அதைவிடவும் உயரத்திலிருந்து, குதிப்பதற்கு அது ஒப்பாகும். நம் ஊர் வெப்பம் இதையும் சற்றுக் கூட்டுகிறது. 33 பாகைச் சூட்டில் காற்றின் அடர்த்தி, பாடநூல் கணக்கிடும் 15 பாகைக் காற்றைவிட ஆறு விழுக்காடு அளவு குறைவு. அதனால் குடை ஏறத்தாழ மூன்று விழுக்காடு வேகமாக இறங்கும். மூன்று விழுக்காடு பெரிதல்ல என்று கணுக்காலுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

திட்டத்தின் இதயம், விமானம் எந்தப் புள்ளியின் மேல் வரும்போது, குதிக்கச் சொல்லும் பச்சை விளக்கு எரிய வேண்டும் என்பதைக் கண்டறிவது. அதைப் பின்னோக்கிப் போட வேண்டும். வீரர் இறங்க வேண்டிய இடத்தைத் தரைப்படத்தில் குறித்துவிட்டு, காற்று அவரை எவ்வளவு தள்ளிக்கொண்டு போகும் என்று கணக்கிட்டு, அந்தத் தொலைவைக் காற்று வரும் திசையை நோக்கி அளக்க வேண்டும். பிறகு, குதித்தவர் விமானத்தின் வேகத்தாலேயே முன்னோக்கி எறியப்படும் தொலைவை, விமானம் வரும் வழியில் பின்னோக்கி அளக்க வேண்டும். ஹெர்குலிஸுக்கு அது ஏறக்குறைய 230 மீட்டர். காற்றுக்கு அமெரிக்கப் படைக் கைநூல்களில் ஒரு சுருக்கமான வாய்பாடு உண்டு: உயரத்தை நூறடிகளிலும் காற்றின் வேகத்தை நாட் கணக்கிலும் எடுத்துப் பெருக்கி, வந்ததை மீண்டும் 3ஆல் பெருக்கினால், ஸ்டேட்டிக் லைனில் குதிப்பவர் விலகும் தொலைவு மீட்டரில் கிடைத்துவிடும். 800 அடி உயரம், 10 நாட் காற்று என்றால் எட்டைப் பத்தால் பெருக்கி, மூன்றால் பெருக்க, 240 மீட்டர். இன்று கணினி இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடுகிறது. ஆனாலும் அந்த வாய்பாட்டை மனத்தில் போட்டுப் பார்க்காமல் நான் பின்கதவைத் திறந்ததில்லை. கணினிக்குத் தவறான காற்றைக் கொடுத்தால் அது தவறான விடையையும் அதே நம்பிக்கையோடுதான் தரும்.

தவறான காற்றை நாங்களே ஒருமுறை கொடுத்தோம். தீபகற்பத்தின் உட்பகுதியில், மூன்று பக்கமும் செம்பனைத் தோட்டம் சூழ்ந்த ஓர் இறங்குதளம். காலை ஏழரை மணி. பள்ளத்தாக்கில் இலை அசையவில்லை. தரையிலிருந்து 4 நாட் என்று வானொலியில் சொன்னார்கள். 1000 அடியிலிருந்து குதிப்பு என்பதால் விலகல் 120 மீட்டர் என்று எழுதினோம். மேலே காற்று எப்படியிருக்கிறது என்று அந்தக் காலையில் யாரும் பலூன் விட்டுப் பார்க்கவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியவர்களுள் நானும் ஒருவன், கேட்காமல் தலையாட்டினேன். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் மூடி போட்டதுபோல் தேங்கி நிற்க, அந்த மூடிக்கு மேலே காற்று தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. சராசரியாக 12 நாட் இருந்திருக்கும் என்று பிற்பாடு கணித்தோம். அப்படியானால் விலகல் 360 மீட்டர். விட்டுப்போன 240 மீட்டரில் இறங்குதளத்தின் ஓரமும், ஒரு வாய்க்காலும், செம்பனையின் முதல் நான்கு வரிசைகளும் அடங்கிவிட்டன.

நல்லவேளையாக ஒருவருக்குக் கணுக்கால் பிசகியதோடு போயிற்று. ஆனால் அன்று மாலை கொட்டகையில் நீண்ட மேசை மேல் விரித்துப் போட்ட குடைத் துணியிலிருந்து செம்பனை மட்டையின் முள்ளை ஒவ்வொன்றாகக் குறடால் பிடுங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. முள் நுழைந்த இடம் ஊசித்துளைபோல் இருக்கும். எடுத்துவிட்டு விளக்கில் பிடித்தால் துளைக்குச் சுற்றிலும் இழை பிரிந்திருப்பது தெரியும். குடை மடிப்பவர் அத்துளைகளுக்கு வெண்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு, இந்தக் குடை இனி வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தார். அவர் எங்களைத் திட்டவில்லை.

இந்த நாட்டில் காலை அமைதி ஏமாற்றும் என்றால், பிற்பகல் ஏமாற்றுவதே இல்லை. சொன்னபடி இடி இடிக்கும். கோலாலம்பூரை அடுத்த சுபாங் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாட்கள் இடிமுழக்கம் கேட்கும். மேகம் திரண்டு எழும்போதே அதன் அடியிலிருந்து குளிர்ந்த காற்று தரையில் மோதிப் பரவும்; ஐந்து நாட் வேகத்தில் இருந்த காற்று சில நிமிடத்தில் இருபதைத் தொடும். எனவே சூரியன் ஏறித் தேங்கிய காற்று கலைந்த பிறகும், மேகங்கள் கோபுரமாக வளர்வதற்கு முன்பும் உள்ள இடைவெளிதான் நமக்கு வாய்த்தது. அது சில நாள் மூன்று மணி நேரம் இருக்கும். சில நாள் அரை மணி நேரம். புகைமூட்டக் காலத்தில் அதுவும் இராது.

இறங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது தனிக் கலை. மின்கம்பி, தண்ணீர், மரம் ஆகிய மூன்றையும் தேடிக்கொண்டு நடந்தே பார்க்க வேண்டும். வான்படத்தில் மின்கோபுரம் தெரியும். கிராமத்துக்குப் போகும் ஒற்றைக் கம்பி தெரியாது. கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டைகள் நிறைந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்தான் பெரிய கவலை. ஓராள் ஆழத்துக்குக் குறைந்த குட்டையில்கூட, ஈரக் குடைத்துணி தலைமேல் படிந்த வீரரால் மூச்சுவிட முடியாது. ஆயிரம் மீட்டருக்குள் ஆழமான நீர்நிலை இருந்தால் மிதவைச் சட்டை அணிவிப்பது அமெரிக்க விதி. எங்கே கற்றாலும் கற்க வேண்டிய விதி.

மரத்தைப் பற்றிச் சொல்லும்போது, மரத்தின்மேல் வேண்டுமென்றே குதித்த கதையும் இந்த மண்ணுடையதே. மலாயாவில் கம்யூனிஸ்டுப் போராளிகளை எதிர்த்த அவசரகாலத்தில், 1952ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். என்னும் சிறப்புப் படையினர் 54 பேர் பேராக்கின் வடக்கே பெலும் பள்ளத்தாக்கில் டக்கோட்டா விமானங்களிலிருந்து குதித்தார்கள். குறித்த திறந்தவெளி சிறியது. பெரும்பாலோர் காட்டு மரங்களின் உச்சியில் சிக்கினார்கள். பெரிய காயம் எதுவும் இல்லாமல் அவர்கள் இறங்கி வந்துவிட்டதே வினையாயிற்று. காட்டுக்குள் போவதற்கு இதுவே வழி என்று முடிவு கட்டி, இடுப்பில் நீண்ட கயிறு சுற்றிக்கொண்டு மரத்தில் விழுந்து, கயிற்றில் இறங்குவதை ஒரு முறையாகவே ஆக்கினார்கள். அடுத்தடுத்த குதிப்புகளில் கிளை முறிந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தவர்களும் உயிர்விட்டவர்களும் உண்டு. இறுதியில் அம்முறையையே கைவிட்டார்கள். முதல்முறை தப்பித்ததைத் திட்டத்தின் வெற்றியாக எண்ணியது எனக்கு எப்போதும் உறுத்தும். அதே ஆண்டுகளில் கோலாலம்பூரிலிருந்து எழும்பிய டக்கோட்டாக்களும் வலெட்டாக்களும் காட்டுக்குள் இருந்த காவல் கோட்டைகளுக்கும் ரோந்துப் படைகளுக்கும் அரிசியையும் தோட்டாவையும் குடையில் இறக்கிக்கொண்டிருந்தன. மலைமடிப்புக்குள் நுழைந்து, ஒரு வீட்டு முற்றத்தளவு வெளியில் மூட்டையை இறக்கிவிட்டு, எதிர்மலை வருமுன் மேலேறித் திரும்ப வேண்டிய அந்தப் பறத்தலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. குதித்தவர்களைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள்.

இனி, பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பல விமானங்கள் அணியாகப் பறந்து ஆட்களை இறக்குவதற்குக் காரணம் அழகு அல்ல. ஒரு பட்டாளத்தைச் சிதறாமல், சில நிமிடங்களில் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்பதுதான். பின்னால் வருபவர் முன்னால் போகும் விமானத்தைப் பார்த்துக்கொண்டே போகிறார் என்பதும் உண்மைதான். அவர் தலைமை விமானத்தின் இறக்கை முனையையும் உடலில் உள்ள ஏதோ ஒரு குறியையும் ஒரே கோட்டில் வைத்துக்கொள்வார். கோடு விலகினால் தாமும் விலகிவிட்டோம் என்று அறிவார். ஆனால் ஹெர்குலிஸ் போன்ற கனத்த விமானம், விசையைக் குறைத்ததும் உடனே நிற்காது. கூட்டியதும் உடனே பாயாது. தலைமை விமானம் இறக்கும் வேகத்துக்குத் தணியும் கட்டம்தான் மிகவும் ஆபத்தானது. பின்னவர் ஐந்து வினாடி தாமதித்து, இடையில் 20 நாட் வேக வேறுபாடு நீடித்தால், 50 மீட்டர் இடைவெளி காணாமல் போய்விடும். ஆகவே நல்ல தலைமை விமானி எதையும் திடீரென்று செய்ய மாட்டார்; எந்த மைல்கல்லில் எவ்வளவு தணிய வேண்டும் என்பது முன்னாளே எல்லோர் முழங்கால் அட்டையிலும் எழுதப்பட்டிருக்கும்.

முன்னால் போகும் விமானம் கண்ணுக்குத் தெரியும். அது விட்டுச்செல்லும் காற்று தெரியாது. எந்த விமானமும் தன் இரு இறக்கை முனைகளிலிருந்தும் கயிறு முறுக்கியதுபோல் இரண்டு சுழல்களைப் பின்னால் விட்டுக்கொண்டே போகும். விமானம் எவ்வளவு கனமோ, எவ்வளவு மெதுவோ, அவ்வளவுக்குச் சுழல் வலுவாகும். வீரர்களை இறக்கும் விமானம் கனமாகவும் மெதுவாகவும்தான் போகும். அந்தச் சுழல் நிமிடத்துக்குச் சில நூறு அடி என்ற அளவில் கீழே இறங்கிக்கொண்டே, காற்றடிக்கும் பக்கமாக நகரும். வான்குடை வீரரோ நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கும் மேலாக இறங்குகிறார். எனவே முதல் விமானத்தின் வீரர்கள் தங்கள் விமானத்தின் சுழலுக்கு முன்பே கீழே போய்விடுவார்கள். இடர் இரண்டாம் விமானத்தாருக்குத்தான். அவர்கள் அதே உயரத்தில், அதே கோட்டில், பதினெட்டு இருபது வினாடி பின்னால் வந்து குதித்தால், முன்னவர் விட்டுப்போன சுழல் அவர்களுக்குக் கீழே நூறு அடியில் காத்திருக்கும். மெதுவாக இறங்கும் அச்சுழலை வேகமாக இறங்கும் அவர்கள் குடை விரியும் நேரத்தில் பிடித்துவிடுவார்கள். விரியும் குடையைச் சுழல் பிடித்து முறுக்கினால் என்னவாகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

இதற்குத்தான், பின்னால் வரும் விமானம் சற்று உயர்ந்தும், காற்று வரும் பக்கமாகச் சற்று ஒதுங்கியும் வர வேண்டும் என்று வைத்தார்கள். முன்னவரின் சுழல் அப்போது மறுபக்கமாக ஒதுங்கிப் போய்விடும். தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது படிக்கட்டுபோல் அழகாகத் தெரியும். சண்டியர்த்தனம் மிகுந்த ஓர் இளம் விமானி நேர்கோட்டில் ஒட்டி வந்தால் கைதட்டுவோர் பலர் இருப்பார்கள்; பின்கூடத்தில் நிற்கும் என்னைப் போன்றவர்கள் கைதட்ட மாட்டார்கள்.

ஒரே விமானத்தின் காற்றே அதன் வீரர்களைப் பகைத்துக்கொள்வதும் உண்டு. மலேசியா 2015 முதல் 2017 வரை நான்கு ஏ400எம் விமானங்களைப் பெற்று சுபாங்கில் வைத்திருக்கிறது. அவ்விமானத்தை வாங்கிய முதல் அயல்நாட்டு வாடிக்கையாளர் நாமே. அது 116 வான்குடை வீரர்களைச் சுமக்கும். ஆனால் அதன் பின்னால் பாயும் காற்று, இடக்கதவிலும் வலக்கதவிலும் குதித்தவர்களை ஒருவரையொருவர் நோக்கி இழுத்ததால், தொடக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு கதவை மட்டுமே பயன்படுத்த வேண்டியிருந்தது. இரு கதவுகளிலும் ஒரே நேரத்தில், கதவுக்கு 58 பேராகக் குதிக்கலாம் என்ற சான்றிதழ் 2020ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. 116 பேரும் ஒரே கதவில் குதிக்க வேண்டுமென்றால், மேலே நான் போட்ட 67 மீட்டர் கணக்கின்படி அதற்கு எவ்வளவு பெரிய இறங்குதளம் வேண்டும் என்பதைப் படிப்பவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

பார்த்துக்கொண்டே போவது என்பது பார்க்க முடியும் வரைதான். 1944 ஜூன் 6ஆம் நாள் விடியுமுன் இருளில் பிரான்சின் நார்மண்டிக்குச் சென்ற டக்கோட்டா அணிகள் கரையைக் கடந்ததும் எதிர்பாராத மேகத்திட்டில் நுழைந்தன. எல்லா விமானத்திலும் வழிகாட்டி அலுவலர் கிடையாது. தலைவரைப் பார், தலைவர் இறக்கும்போது இறக்கு என்பதே பலருக்கும் இருந்த கட்டளை. தலைவர் மேகத்தில் மறைந்ததும் சிலர் மேலே ஏறினார்கள். சிலர் கீழே இறங்கினார்கள். சிலர் பக்கவாட்டில் விலகினார்கள். மோதலைத் தவிர்க்க அது இயல்பானதே. ஆனால் மறுபுறம் வெளிவந்தபோது அணி இல்லை. வீரர்கள் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் பல மைல் சிதறி விழுந்தார்கள். கண்ணை விட்டு மறைந்தால் யார் எந்தப் பக்கம், எத்தனை பாகை, எத்தனை நேரம் திரும்ப வேண்டும் என்பது இன்று புறப்படுவதற்கு முன்பே பேசி முடிக்கப்படுகிறது. போர் விமானங்களில் பரவலாக உள்ள வழக்கம், தலைவரிடமிருந்து விலகும் பக்கமாக 15 பாகை சாய்ந்து, 15 வினாடி திரும்பி, பிறகு பழைய திசைக்கு வருவது. அந்தப் பதினைந்து வினாடியை மேகத்துக்குள் போய்க் கண்டுபிடிக்க முடியாது.

நம் வீட்டுக்கு அருகிலும் இது நடந்திருக்கிறது. 2015 மார்ச் 15ஆம் நாள், லங்காவியில் லீமா என்னும் விமான, கப்பல் கண்காட்சிக்கான ஒத்திகையில் இந்தோனேசியச் சாகசக் குழுவின் இரண்டு விமானங்கள் மோதின. நான்கு விமானிகளும் இருக்கையோடு வெளியேறி வான்குடையில் உயிர்தப்பினார்கள். 2024 ஏப்ரல் 23ஆம் நாள், லூமுட் கடற்படைத் தளத்தில் அணிவகுப்பு ஒத்திகையில் இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதியதில் பத்துப் பேர் மாண்டார்கள். ஹெலிகாப்டரில் அத்தகைய இருக்கையும் இல்லை. அந்த உயரத்தில் குடை விரிய நேரமும் இல்லை. அந்தக் காணொளியை எனக்கு அனுப்பியவர்களிடம், இனி அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். எத்தனை நாள் ஒத்திகை என்று கேட்ட பையனிடம் அன்றிரவு நானே தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். அவன் எதுவும் கேட்கவில்லை.

வேகம் வேறுபட்ட விமானங்களைக் கலந்து அனுப்பும்போது கணக்கு இன்னும் சிக்கலாகும். 1971 டிசம்பர் 11ஆம் நாள், கிழக்கு வங்காளத்தின் தங்கைல் அருகே இந்தியாவின் 2ஆம் வான்குடைப் பட்டாளத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 700 பேரை இறக்கியபோது, அன்டோனோவ்-12, பாக்கெட், டக்கோட்டா, கரிபூ என நான்கு வகை விமானங்கள் பறந்தன. டக்கோட்டாவும் அன்டோனோவும் ஒரே வேகத்தில் போக இயலாதவை. வேகமானது பின்னால் புறப்பட்டு, மெதுவானதை வழியில் முந்தாமல், இறங்குதளத்தின் மேல் தனக்குரிய நிமிடத்தில் வந்துசேர வேண்டும். அதுவும் முன்னவரின் வீரர்கள் தரையைத் தொட்ட பிறகு. ஒவ்வொரு விமானத்தின் புறப்பாட்டு நேரத்தையும் இலக்கின் நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதிய அந்தத் தாளைப் பார்க்கக் கிடைத்தால், நான் பதக்கங்களைப் பார்க்கப் போக மாட்டேன்.

ஒத்திகை என்றால் பறப்பது மட்டும் அல்ல. கொட்டகைத் தரையில் வெண்கட்டியால் ஆற்றையும் சாலையையும் இறங்குதளத்தையும் வரைந்து, விமானிகள் வரிசையாக அதன்மேல் நடப்பார்கள். தலைவர் "ஒரு நிமிடம்" என்பார். மற்றவர்கள் தத்தம் இடத்தில் நிற்பார்கள். "இரண்டாம் எண் பார்வை இழந்தது" என்று யாராவது குரல் கொடுத்தால், இரண்டாம் எண் உடனே வலப்பக்கம் விலகி நடக்க வேண்டும். முப்பது வயதைத் தாண்டியவர்கள் பிள்ளைகளைப்போல் கையை விரித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் வெளியாருக்குச் சிரிப்பு வரும். அதே நடையின்போது, இறக்கல் நிறுத்தம் என்று சொல்லும் உரிமை யார் யாருக்கு உண்டு என்பதும் சொல்லப்படும். அது எல்லோருக்கும் உண்டு: தரையில் சிவப்புப் புகை எழுப்பும் பாதுகாப்பு அலுவலருக்கு, விமானிக்கு, கதவில் நின்று குதிப்பை நடத்தும் ஜம்ப்மாஸ்டருக்கு, பின்கூடத்தில் நிற்கும் எனக்கும். சொன்னவரிடம் காரணம் கேட்பது தரையிறங்கிய பிறகுதான்.

அமெரிக்காவில் பயிற்சிக் குதிப்புக்குத் தரைக்காற்று 13 நாட் வேகத்துக்கு மிகக் கூடாது என்பது விதி. 1982 மார்ச் 30ஆம் நாள் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் நடந்த பெரும் பயிற்சியில் அதைவிட வலிய காற்றில் குதிப்பு நடந்தது. இறங்கியவர்களைக் காற்று நிறைந்த குடைகள் கல்லின்மீது இழுத்துச் சென்றன. வீரர்கள் சிலர் உயிரிழந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். செம்பனை முள் பிடுங்கிய அந்த மாலைக்குப் பிறகு, எனக்கு இந்த 13 என்ற எண் வீட்டுக் கதவிலக்கம்போல் மனத்தில் பதிந்துவிட்டது.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே போன்ற ஒரு காலை. மூன்று விமானங்கள், எங்களுடையது இரண்டாவது. கதவு திறந்தாயிற்று, எல்லோரும் எழுந்து கொக்கி மாட்டி நின்றார்கள். ஒரு நிமிட அறிவிப்பு வந்தது. தரையில் 9 நாட் என்றார்கள். ஆனால் கதவு வழியே பார்த்தபோது, முதல் விமானம் காற்றை அறிய வீசியிருந்த தாள் நாடா இறங்குதளத்தைக் கடந்து செம்பனைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் தலையணி ஒலிவாங்கியில் நிறுத்தம் என்றேன். அரை வினாடிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. ஜம்ப்மாஸ்டர் வாசலில் நின்ற முதல் ஆளின் மார்பில் கையை வைத்து உள்ளே தள்ளினார். முதல் விமானமும் மூன்றாவதும் எங்களைக் கேட்டுக்கொண்டு இறக்காமல் விலகின. மேலே பலூன் விட்டுப் பார்த்தபோது காற்று 17 நாட் இருந்தது என்று பின்னர் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் கூடத்தில் யாரும் பேசவில்லை. கொக்கிகளைக் கழற்றிப் பட்டைகளைச் சுருட்டி, வலை இருக்கைகளில் உட்கார்ந்துவிட்டார்கள், சிலர் தூங்கியும்விட்டார்கள். சுபாங்கை நெருங்கி, சக்கரங்கள் இறங்கும் ஓசை கேட்டபோது, எனக்கு எதிரே இருந்த மலாக்காக்காரப் பையன் ஒருவன் திடுக்கிட்டு விழித்து, இரு கைகளாலும் இருக்கைக் குழாயை இறுகப் பற்றிக்கொண்டான். என்ன ஆயிற்று என்று சைகையால் கேட்டேன். இது தனக்கு ஏழாவது விமானப் பயணம் என்றும், உள்ளே இருந்தபடி தரையிறங்குவது இதுதான் முதல் தடவை என்றும் காதருகே வந்து கத்தினான்.